மாணவிகளைக் கெடுப்பது வார்டு சிஸ்டர்களா?

வார்டு சிஸ்டர்: "செவிலியர் கல்லூரி நான்கு ஆண்டு கற்பிப்பதை வார்டு சிஸ்டர்கள் நான்கே நாளில் கெடுத்துவிடுகிறார்கள்" என்று நேற்று ஓர் ஆசிரியை இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஊசி போட்டபின் மூடியை மறுபடி மாட்டும் பழக்கம் எங்களிடமிருந்துதான் தொற்றுகிறதாம். நரம்பே தெரியாத குழந்தைக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்தேற்றச் செருகும் குழாய்) போட உங்கள் மாணவிக்குச் சொல்லிக்கொடுத்தது யார் மேடம்? கல்லூரியில் கிடக்கும் பொம்மையா?

ட்யூட்டர் (செவிலியர் கல்லூரி ஆசிரியை): வென்ஃப்ளானை யார் கேட்டார்கள்? மூடியைப் பற்றிச் சொல்லுங்கள். குத்திய ஊசியை மூடாமல் கட்டரில் வெட்டி வெள்ளை டப்பாவில் போட வேண்டும். மருத்துவக் கழிவு விதிகள் 2016இலேயே வந்துவிட்டன. மாணவி அப்படிச் செய்தால் "புத்தகக்காரி வந்துவிட்டாள்" என்று வார்டே சிரிக்கிறது. மறுநாள் அவளும் மூடுகிறாள்.

வார்டு சிஸ்டர்: எங்கள் கட்டர் பழுதாகி மாதக்கணக்காகிறது. டப்பா வார்டின் மறுகோடியில். கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய செவிலியர் மன்றம். இங்கே இரவில் நாற்பது பேருக்கு இரண்டு பேர். திறந்த ஊசியோடு நான் ஓடினால் யாரைக் குத்தும்?

இறுதியாண்டு மாணவி: என்னைக் குத்தியது மூடும்போதுதான் சிஸ்டர். மூடச் சொன்னதும் ஒரு சிஸ்டர்தான். கையைப் பிடித்து இழுத்துப்போய் அன்றே எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கவைத்ததும் அவரேதான். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை என்று அவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் ஆசிரியை அன்று வார்டுப் பக்கமே வரவில்லை.

ட்யூட்டர்: ஆக, மூடச் சொன்னது சிஸ்டர்தான்!

வார்டு சிஸ்டர்: ஆசிரியை வரவில்லை என்பது கண்ணில் படவில்லையா மேடம்? பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியை கூடவே இருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

பிஎஸ்சி தம்பி: நர்சிங் டிப்ளமோ முடித்த சிஸ்டர்களுக்கு பிஎஸ்சி நர்சிங் படிக்கும் எங்களைக் கண்டாலே ஆகாது. பயிற்சி முழுக்கப் படுக்கை விரிக்கவும் பிபி பார்க்கவும்தான் விட்டார்கள்.

வார்டு சிஸ்டர்: டிப்ளமோ என்றால் இளக்காரமா தம்பி? 2015இல் அரசு செவிலியர் தேர்வெழுதி மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு வந்து இந்த வார்டுகளைத் தாங்கியவர்களில் டிப்ளமோக்காரர்கள் எத்தனை பேர் தெரியுமா? படுக்கை விரிக்கும்போதுதான் நோயாளியின் முதுகில் புண் இருப்பது தெரியும். அதை நீங்கள் பார்த்தீர்களா?

பிஎஸ்சி தம்பி: சம்பளக் கதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ட்யூட்டர்: மூடிக்கு இன்னும் பதில் வரவில்லை.

வார்டு சிஸ்டர்: சொல்லிவிட்டேன். கட்டரைச் சரிசெய்து கொடுக்கச் சொல்லுங்கள், நிறுத்துகிறோம். அதுவரை நாங்கள் கெடுக்கிறோம் என்று எழுதிக்கொண்டே, அடுத்த தொகுதி மாணவிகளையும் எங்களிடம்தான் அனுப்பப்போகிறீர்கள்.