ஈ.எம்.டி.ஆர். பேசிக்: அந்த 10 மணி நேரம் ஆளுக்கு எவ்வளவு?

எட்டாம்கட்டம்:
ஈ.எம்.டி.ஆர்.னா கண்ணை இடம் வலமா ஓட வச்சுக்கிட்டே மோசமான நினைவை நினைக்க வைக்கற ட்ரோமா (மனக்காய) சிகிச்சை. பேசிக்ங்கறது தெரபிஸ்ட்டுக்கு அதுல முதல் பயிற்சி. பக்கத்து இழையில வைகைக்கரை எழுதினதைப் பார்த்துட்டு சும்மா போக மனசு வரல. அவர் எழுதினது இது: "ஈ.எம்.டி.ஆர். பேசிக் 50 மணி நேரம் முடிச்சாலே சர்டிஃபைட் ட்ரோமா தெரபிஸ்ட்தான். அதுக்கு மேல கேக்கறதெல்லாம் வசூல்."

அந்த 50-ஐப் பிரிச்சுப் பாருங்க. அமெரிக்காவுல ஈ.எம்.டி.ஆர். சங்கமான எம்ட்ரியா வச்சிருக்கற அளவு 20 மணி பாடம், 20 மணி ப்ராக்டிகம் (செஞ்சு பழகறது), 10 மணி கன்சல்டேஷன் (அனுபவசாலிகிட்ட நம்ம கேஸைச் சொல்லித் திருத்திக்கறது). ப்ராக்டிகத்துல எதிர்ல உக்கார்றவரும் ஒரு ட்ரெய்னிதான். அவர் கொண்டு வர்ற நினைவு 'மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்' அளவுலதான் இருக்கும், இருக்கவும் வேணும். உங்க நிஜ கிளையன்ட் பேச்சுக்கு வர்றது கடைசி 10-லதான். அதையும் 10 பேர் குழுவா உக்காந்து முடிச்சா ஆளுக்கு 1 மணி. இந்த 1 மணியை வச்சுக்கிட்டு போர்டுல 'சர்டிஃபைட்'னு எழுதறதா?

வைகைக்கரை:
வந்துட்டார் தலைமை ஆசிரியர். பிரம்பை எங்க வச்சீங்க?

குழுவுல இருந்த நேரம் முழுசும் எல்லாருக்கும் கணக்குல வரும், விதியே அப்படித்தான். வகுத்தல் கணக்கு நீங்களா போட்டது. அடுத்தவர் கேஸைக் கேக்கறதும் படிப்புதான். தியேட்டர்ல எட்டு ஹவுஸ் சர்ஜன் நின்னு ஒரு ஆபரேஷனைப் பார்த்தா, 'உனக்கு அரைக்கால் ஆபரேஷன்தான்'னு யாராவது சொல்வாங்களா?

எட்டாம்கட்டம்:
பார்த்துட்டு நின்னவன் கையில அன்னைக்கே கத்தியைக் கொடுத்துத் தனியா அனுப்ப மாட்டாங்க ஐயா.

1 மணி ஏன் பத்தாதுன்னு சொல்றேன். ட்ரெய்னி கேஸைக் கொண்டு வரணும்: டார்கெட் நினைவு (சிகிச்சைக்கு எடுத்துக்கற நினைவு) எது, அதுல ரொம்ப மோசமான காட்சி எது, தன்னைப் பத்தின எதிர்மறை நம்பிக்கை என்ன, சட்ஸ் (அந்த நினைவோட கஷ்டத்துக்கு கிளையன்ட் போடற மார்க்) எத்தனைல ஆரம்பிச்சு எத்தனைல நின்னுச்சு. நிறைய பேர் முதல் படியிலயே சறுக்கறாங்க. எதிர்மறை நம்பிக்கைங்கற இடத்துல 'அப்பா அடிச்சார்'னு எழுதிட்டு வருவாங்க. அது நடந்த சம்பவம், எத்தனை செட் (ஒரு தொடர்ச்சியா கையை ஆட்டிக் கண்ணை ஓட வைக்கறது) போட்டாலும் அது மாறப் போறதில்லை. 'நான் எதுக்கும் லாயக்கில்லை', 'எல்லாம் என்னாலதான்' இதெல்லாம்தான் நம்பிக்கை. மாறக்கூடியதும் அதுதான்.

அடுத்து சட்ஸ். 0-லேர்ந்து 10-க்குள்ள எவ்வளவு கஷ்டம்னு மொட்டையா கேட்டா, நம்ம ஆட்கள் அன்னைக்குப் பட்ட கஷ்டத்தைச் சொல்வாங்க. 10-ம்பாங்க. கடைசி செட் வரைக்கும் 10-தான், அன்னைக்குப் பட்டது குறையுமா? 'அந்தக் காட்சியை நினைக்கறப்போ இப்ப, இந்த நிமிஷம், எவ்வளவு கஷ்டம்'னு அழுத்திக் கேக்கணும்.

மூணாவது, கிளையன்ட் விம்ம ஆரம்பிச்ச உடனே ட்ரெய்னி பயந்துபோய் கையை நிறுத்தி, தண்ணி கொடுத்து, தேத்த ஆரம்பிக்கறது. நிறுத்தச் சொல்லி கிளையன்ட் கை காட்டாத வரை செட் ஓடணும். பாதியில விட்டா, கொதிக்கற பாலை அடுப்பிலேயே வச்சுட்டுக் கடைக்குப் போன கதை. இத்தனையையும் ஒருத்தர் கேஸ்ல திருத்த 1 மணியா?

வைகைக்கரை:
நீங்க சொன்ன மூணும் 20 மணிப் பாடத்துலயே வருது. கையேட்டுல இருக்கறதை மனப்பாடமா எழுதிட்டு அதுக்கு மேல ஒரு கன்சல்டேஷன் பில் வேற.

வரலாறும் கொஞ்சம் பேசுவோமா? இந்த முறையை உருவாக்கின ஷாபிரோ முதல் ஆய்வை வெளியிட்டது 1989. தொண்ணூறுகள்ல பயிற்சின்னா லெவல் 1, லெவல் 2, ரெண்டு பட்டறை, அவ்வளவுதான். உங்க கன்சல்டன்டுக்கு கன்சல்டன்டா இருந்தவங்க பலரும் அப்படி வந்தவங்க. அவங்களுக்கு 0 மணி. நமக்கு 10. இதுல நாங்க குறைச்சலா?

எட்டாம்கட்டம்:
அப்படி வந்தவங்க செஷன்ல என்னென்ன தப்பாச்சுன்னு பார்த்துதான் அந்த 10-ஐச் சேர்த்தாங்கன்னு தோணலையா? சேர்த்ததை வச்சே சேர்க்காத காலத்தைப் புகழறீங்க.

சர்டிஃபைட்ங்கறதுக்கு எம்ட்ரியா தனிப் படியே வச்சிருக்கு: லைசென்ஸோட 2 வருஷ அனுபவம், குறைஞ்சது 25 கிளையன்ட், அவங்களோட 50 செஷன், பேசிக் முடிச்ச பிறகு இன்னும் 20 மணி கன்சல்டேஷன், அதுல பாதியாவது குழுவா இல்லாம கன்சல்டன்ட்கூடத் தனியா உக்காந்து. 12 கிரெடிட் தொடர்கல்வி. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 'தனியா உக்காந்து'ன்னு ஏன் எழுதினாங்க? குழுவுல ஆளுக்கு 1 மணிதான் தேறும்னு அவங்களுக்கும் தெரியும்.

வைகைக்கரை:
அது சர்டிஃபைடுக்கு. நான் பேசினது பேசிக்கோட 10-ஐப் பத்தி. அங்க 10-ன்னா 10.

மலைக்கோட்டை:
நீங்க போர்டுல எழுதினதே சர்டிஃபைட்னுதானே வைகை? சரி விடுங்க.

ரெண்டு பேருமே அமெரிக்கச் சங்கத்து விதியை வச்சு மல்லுக்கட்டறீங்க. இந்தியாவுல அந்தத் தாளுக்குச் சட்டப்படி என்ன மதிப்பு? ஈ.எம்.டி.ஆர். சான்றிதழ் எந்தப் படியில இருந்தாலும் அது தொழில் உரிமம் ஆகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார்னு எழுதி வச்சிருக்கு, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரத்துலதான் போய் நிக்கும். மத்த சைக்காலஜிஸ்ட், கவுன்சலர்களை 2021 துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டத்துப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. அடிப்படைப் படிப்பு இல்லாதவர் மேல இந்த 50 மணியைப் போர்த்தினா, அஸ்திவாரம் போடாம மாடி கட்டின மாதிரி.

வைகைக்கரை:
ஆக கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். கோஷ்டியும் ஆஜர். ட்ரோமாவோட வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு உங்க ஆர்.சி.ஐ. நம்பர்காரர் பஸ் தூரத்துல கிடைக்கறார்? மாவட்டத் தலைநகரம் தாண்டிப் போயிருக்கீங்களா?

மலைக்கோட்டை:
ஆள் குறைவுன்னா ஆளைப் பெருக்கணும். போர்டைப் பெருக்கக் கூடாது.

பனங்கூடல்:
இதுக்குள்ள நான் கதைக்கக் கூடாதெண்டுதான் இருந்தனான். ஆனா ட்ரோமா பயிற்சி எண்டா ஈ.எம்.டி.ஆர். மட்டும்தான் எண்ட மாதிரி போகுது கதை.

ஜெர்மனியில கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்து ஆக்கள் உருவாக்கின நெற் (NET) முறை இருக்கு, விவரிப்பு வெளிப்பாட்டுச் சிகிச்சை. நிலத்தில கயிற்றை விரிச்சு, நல்லது நடந்த இடத்தில பூ, கெட்டது நடந்த இடத்தில கல் வைச்சு, பிறந்ததில இருந்து வரிசையாக் கதைக்க வைக்கிறது. ஒரு அமர்வு 90 நிமிசத்தில இருந்து 120 வரை போகும். கல்லுக்கு வந்தா மெதுவாப் போகவேணும்: என்ன கண்டனீங்கள், என்ன மணந்தது, நெஞ்சு என்ன செய்தது, இப்ப என்ன செய்யுது. பதற்றம் இறங்காமல் அமர்வை முடிக்கேலாது. எழுதினதை அடுத்த முறை வாசிச்சுக் காட்டித் திருத்தவேணும்.

இலங்கையின்ர வடகிழக்கில சுனாமிக்குப் பிறகு முகாமில இருந்த 31 பிள்ளையளுக்கு இதின்ர சிறுவர் வடிவத்தை 6 அமர்வாச் செய்து பாத்தவை. ஒரு பகுதிக்கு அது, மற்றப் பகுதிக்கு தியானமும் தளர்வுப் பயிற்சியும். 2009இல முடிவு வெளிவந்தது. செய்தது உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பாத்தால் 81 வீதம் தேறியிருந்தவை. அவைக்கு எம்ட்ரியா மணிக்கணக்கு ஒண்டும் இல்லை.

வைகைக்கரை:
கேட்டீங்களா எட்டாம்கட்டம்? உள்ளூர் ஆட்கள். 6 செஷன். 81 சதவீதம். உங்க வகுத்தல் கணக்கை அங்க போய்ப் போடுங்க.

எட்டாம்கட்டம்:
பனங்கூடல் ஐயா பாதியைச் சொல்லி விட்டுட்டார். அதே ஆய்வுல தியானம் செஞ்ச பிள்ளைங்கள்லயும் 71 சதவீதம் தேறினாங்க. 31 பிள்ளைங்களை ரெண்டாப் பிரிச்சா ஒரு பக்கம் 15, 16 பேர்தான். அந்த 10 சதவீத வித்தியாசம் ஒண்ணு ரெண்டு பிள்ளைங்க கணக்கு. இதை வச்சு எந்தப் பயிற்சி போதும்னும் சொல்ல முடியாது.

உள்ளூர் ஆட்கள்னு சொல்றீங்களே, உகாண்டா நக்கிவாலே முகாம்ல அகதிகளையே பழக்கி 277 பேர்கிட்ட செஞ்ச ஆய்வு 2008-ல வந்துச்சு. அவங்களுக்குப் பயிற்சி 6 வாரம். வார இறுதி இல்ல, வாரம்.  ஆளுக்கு 1 மணின்னா அவங்க கைகொட்டிச் சிரிச்சிருப்பாங்க.

பனங்கூடல்:
71 எண்டதை மறைக்கேல்லை. இரண்டு முறையும் வேலை செய்தது எண்டுதான் அர்த்தம், அதையும் உள்ளூர் ஆக்களே செய்தவை எண்டதுதான் என்ர கதை. நீங்கள் இரண்டு பேரும் எங்கட பிள்ளையளின்ர இலக்கத்தைத் தூக்கி ஆளையாள் எறியாதேங்கோ.

சொல்லாய்வு:
இடையில் ஒரு திருத்தம். ஓர் இழை முழுக்க 'ட்ரோமா' என்றே எழுதுகிறீர்கள். 'உளக்காயம்' என்று அழகாகத் தமிழில் இருக்கிறதே.

பனங்கூடல்:
எங்கட பக்கம் 'மனவடு' எண்டு கனகாலமாப் புழங்குது.

சொல்லாய்வு:
வடு என்பது காயம் ஆறிய பின் நிற்கும் தழும்பு. ஆறிவிட்டதற்கு எதற்குச் சிகிச்சை? சொல்லே பிழை.

பனங்கூடல்:
ஆறின மாதிரித் தெரியும், தொட்டால் நோகும். அதுதான் சரியான சொல். முப்பது வருசத்துச் சண்டையைக் கண்ட சனம் வைச்ச சொல்லுக்குச் சென்னையில இருந்து திருத்தம் போடாதேங்கோ.

சொல்லாய்வு:
நான் சென்னையில் இல்லை. கோவை.

எட்டாம்கட்டம்:
சொல்லை அப்புறம் பார்க்கலாம். இன்னொண்ணு விட்டுப்போச்சு. தயாரிப்புக் கட்டம். கிளையன்ட் ரெண்டு, மூணு மணி நேரம் எங்க போனோம்னே தெரியாமத் தொலைஞ்சு போறவரான்னு முதல்ல பார்க்கணும். அதை அளக்க டி.இ.எஸ்.னு 28 கேள்வித் தாள் இருக்கு, அதைக் கொடுக்காமலே டார்கெட்டுக்குள்ள இறங்கிடறாங்க. பாதுகாப்பான இடத்தை மனசுல நிறுத்தறப்போ செட் சின்னதா, மெதுவா, 4-லேர்ந்து 6 தடவைதான் போகணும். அங்கயும் 24 தடவை ஓட்டினா அமைதியான குளக்கரைக்குள்ள பழைய பயம் எட்டிப் பார்க்கும். அப்புறம் 'ஈ.எம்.டி.ஆர். ஒத்துவரல'ன்னு எழுதுவாங்க.

நேரம் முடியறப்போ சட்ஸ் 4-ல நிக்குதா? நல்ல நம்பிக்கையை நிறுவற கட்டத்துக்குப் போகக் கூடாது, உடம்பைத் தடவிப் பார்க்கற ஸ்கேனும் கூடாது. மூடிக்கட்டி, நிலைப்படுத்தி அனுப்பணும். அடுத்த தடவை வந்ததும் மறுமதிப்பீடு. ரெண்டு மூணு செட்டா 6-லயே சுத்துதுன்னா முதல்ல கை போற திசையை, வேகத்தை மாத்திப் பார்க்கணும். அதுக்கும் அசையலைன்னா இதுக்கு அடியில இன்னும் பழைய நினைவு இருக்கான்னு தேடணும், 'இது போனா நான் அவரை மறந்துடுவேன்' மாதிரி தடுக்கற நம்பிக்கை இருக்கான்னு பார்க்கணும். இதைக் கையேடு ஒரு பத்தியில சொல்லிடும். எந்தக் கிளையன்ட்கிட்ட எதுன்னு சொல்லாது. அதைச் சொல்லத்தான் கன்சல்டேஷன், அதுலதான் ஆளுக்கு 1 மணி.

வைகைக்கரை:
'உடம்பைத் தடவிப் பார்க்கற ஸ்கேன்' நல்ல மொழிபெயர்ப்பு. யாராவது நிஜமாவே தடவிடப் போறாங்க. கிளையன்ட் தலையிலேர்ந்து கால் வரை மனசால கவனிக்கறது அது. சர்டிஃபைட் ஆளுக்கு இது தெரியலையா?

எட்டாம்கட்டம்:
எழுத்துப் பிழையைப் பிடிக்கற நேரத்துல கேள்விக்குப் பதில் சொல்லலாம். 20 மணிக் கூடுதல் கன்சல்டேஷன் வசூல்னு எழுதினது யாரு?

வைகைக்கரை:
வசூல்தான். ஒரு கன்சல்டேஷன் மணிக்கு வாங்கற தொகை அந்தக் கிளையன்ட் 4 செஷனுக்குக் கொடுக்கறதை விட அதிகம். டாலர்ல ஓடற குழுவும் இருக்கு. அதைப் பேசினா மட்டும் இங்க யாரும் வாய் திறக்கறதில்லை.

மலைக்கோட்டை:
அது நியாயமான கேள்வி. ஆனா நீங்க எழுதினது 'விலை அதிகம்'னு இல்ல, 'தேவையே இல்ல'ன்னு.

வைகைக்கரை:
உங்களை யாரும் கேக்கல.

புதுவரவு:
வணக்கம். எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடிச்சிருக்கேன். பேசிக்ல சேரலாம்னு இருக்கேன். ஆன்லைன் வகுப்பு செல்லுமா? லைட் பார் (கண்ணு பின்தொடர்ற மாதிரி வெளிச்சம் ஓடற கருவி) வாங்கணுமா? அதுவே பெரிய செலவா இருக்கு.

மலைக்கோட்டை:
பதிவு பண்ணின வீடியோவை நீங்களா ஓட்டிப் பார்த்து முடிக்கறதுன்னா வேண்டாம். நேரலையா ஆசிரியர் இருந்து, ப்ராக்டிகத்தைக் கூட இருந்து யாராவது கவனிக்கணும். லைட் பார் தேவையில்லை. ரெண்டு விரல் போதும், முகத்துலேர்ந்து ஒரு அடி, இல்ல அதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரத்துல. கண்ணு வலிக்குதுன்னா நிறுத்திட்டு உள்ளங்கையில, முழங்கால்ல மாத்தி மாத்தித் தட்டறது. சேர்றதுக்கு முன்னாடி 3 கேள்வி கேளுங்க: கன்சல்டேஷன் கட்டணத்துல அடங்குமா, குழுவுல எத்தனை பேர், உங்க கேஸுக்கு எத்தனை தடவை முறை வரும்.

எட்டாம்கட்டம்:
மூணாவது கேள்வியைத்தான் நான் காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். முறை வர்றது 1 மணி. மலைக்கோட்டையே ஒத்துக்கிட்டார்.

மலைக்கோட்டை:
நான் எதையும் ஒத்துக்கல. அந்தத் தம்பிக்குப் பதில் சொன்னேன்.

புதுவரவு:
தங்கைங்க.

வைகைக்கரை:
தங்கச்சி, இவங்க பேச்சைக் கேட்டா சேரவே மாட்டீங்க. சேருங்க. அடுத்தவர் கேஸை நோட்டுல எழுதிக்கிட்டே உக்காருங்க. 10 மணியும் உங்களுதுதான்.

எட்டாம்கட்டம்:
1.

வைகைக்கரை:
10.

சொல்லாய்வு:
'மணி' வேறு, 'மணி நேரம்' வேறு. இருவருமே காலையிலிருந்து தவறாக எழுதுகிறீர்கள்.