பொருள்: 'ரின்ஸ் எய்ட்' தமிழில்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பயிற்சியாளர்:

அனைவருக்கும் வணக்கம். பெரிய சமையற்கூடங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்ட ஒரு தமிழ் அட்டை தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மிச்ச உணவை வழித்தெறிதல், தட்டுகளைக் கூடையில் அடுக்குதல், வடிகட்டியைக் கழற்றிக் கழுவுதல், இயந்திரத்துக்குள் நீரைப் பீய்ச்சும் தெளிப்புக் கைகளின் துளைகளில் அடைப்பு எடுத்தல் என்று எல்லாவற்றுக்கும் சொல் அமைந்துவிட்டது. தட்டில் நீர் துளியாக நிற்காமல் வழிய, கடைசி அலசல் நீரில் சேரும் திரவமான 'ரின்ஸ் எய்ட்' மட்டும் மிச்சம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தின் அருகே இரண்டு கேன்கள் இருக்கும். ஒன்றில் காரம் (ஆல்கலி) மிகுந்த கழுவு திரவம், மற்றொன்றில் ரின்ஸ் எய்ட். இரண்டிலும் ஒவ்வொரு குழாய் இறங்கியிருக்கும்; வேண்டிய அளவைப் பம்பு தானே உறிஞ்சிக்கொள்ளும். தீர்ந்த கேனை மாற்றும்போது குழாய்கள் இடம் மாறிவிட்டால், கடைசி அலசலில் காரம் தட்டில் படிந்துவிடும்; அந்தத் தட்டில்தான் அடுத்து உணவு பரிமாறப்படும். முதல் நாள் வேலைக்கு வருபவர் பார்த்த உடனே பிடித்துக்கொள்ளும் சொல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

அலசுதுணை. சுருக்கமாக இருக்கிறது, அலசு என்பது எல்லாருக்கும் தெரிந்த வினை. நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

தமிழாசிரியர்:

அலசுதுணை வினைத்தொகை. விரித்தால் அலசிய துணை, அலசுகின்ற துணை, அலசும் துணை என்று வரும். அலசும் வேலையை அந்தத் துணையே செய்கிறது என்றாகிவிடும். நாம் சொல்ல வருவது அலசலுக்குத் துணை, அதாவது நான்காம் வேற்றுமைத் தொகை. எனவே அலசல் + துணை = அலசற்றுணை. லகரம் தகரத்தோடு புணரும்போது றகரமாகத் திரியும் என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அப்பரின் 'கற்றுணை', 'நற்றுணை' இரண்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம் நாவில் இருக்கின்றன.

அலசு என்ற சொல்லையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை அலைசு என்பதன் திரிபாகவே நான் காண்கிறேன். நீரில் இட்டு அலைத்தல், அங்கிருந்து அலசல். அலை, அலைவு, அலைச்சல் எல்லாம் ஒரு குடும்பம். அசைவே அதன் உயிர். இன்று 'அரசியல் அலசல்' என்று எழுதும்போதும் புரட்டிப் புரட்டிப் பார்த்தல் என்ற அந்தப் பழைய அசைவு உள்ளே இருக்கிறது. இவ்வளவு ஆழமான சொல்லைக் கலைச்சொல்லில் வைக்கும்போது புணர்ச்சியும் சரியாக அமைய வேண்டும்.

பயிற்சியாளர்:

ஐயா, இலக்கணத்தை மறுக்கவில்லை. ஆனால் 'அலசற்றுணை' என்று அச்சிட்டால் படிப்பவர் கண்ணில் நடுவிலுள்ள 'அற்று' தான் படும். 'அலசல் அற்ற' என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் பொருளே தலைகீழாகிவிடும். ஈரக் கையோடு, நீராவிக்கு நடுவில் நின்று படிக்கும் அட்டை இது.

வேதியியல் பட்டதாரி:

பெயர் வைப்பதற்கு முன் அந்தத் திரவம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது அழுக்கை நீக்குவதில்லை. அதிலுள்ள பரப்பு இயங்கு பொருள்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. தாமரை இலையில் நீர் முத்து முத்தாக உருளுமே, அதற்கு நேர் எதிர். தட்டின் மேல் நீர் துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவி வழிந்துவிடும். கடைசி அலசல் நீர் 82 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருப்பதால் தட்டும் சூடாக இருக்கும். ஒட்டியிருக்கும் கொஞ்ச ஈரமும் காற்றிலேயே ஆறிவிடும். துளிகள் நின்று காய்ந்தால்தான் உப்புக் கறை விழும்.

ஆகவே இது அலசலுக்குத் துணை என்பதைவிட உலர்வதற்குத் துணை. அடுத்த படியையும் இந்தச் சொல்லே சொல்லிவிடும்: தட்டு தானே உலரட்டும், துணியால் துடைக்க வேண்டாம். துடைக்கும் துணி சுத்தமான தட்டுக்கு மறுபடி கிருமியைக் கொண்டுவரும். நீர்வடிப்பி, வடிநீர்மம், உலர்துணை ஆகிய மூன்றை முன்வைக்கிறேன்.

சமையற்கூட மேற்பார்வையாளர்:

வடி வேண்டாம். அதே அட்டையில் வடிகட்டி இருக்கிறது, வடிகால் இருக்கிறது. மூன்றாவதாக வடிப்பியும் வந்தால் வடிகட்டியைக் கழற்றச் சொன்னால் கேனைக் கழற்றுவார்கள்.

எனக்குக் கேட்டால் ரின்ஸ் எய்ட் என்றே தமிழில் எழுதிவிடுங்கள். கேனில் அதுதான் இருக்கிறது, தீர்ந்துபோனால் கேட்டு வாங்குவதும் அந்தப் பெயரில்தான்.

தமிழாசிரியர்:

கேனில் இருப்பதை அப்படியே எழுதுவதற்கு அட்டை எதற்கு? ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு 'ரின்ஸ் எய்ட்' வெறும் ஒலி. அந்த ஒலியிலிருந்து அவர் எதையும் ஊகிக்க முடியாது. குழாய் மாறுவது ஆபத்து என்று சொன்ன அம்மையார் இதைக் கருத வேண்டும். பொருள் விளங்காத சொல்லைத்தான் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

விளங்குதல் என்றதும் இன்னொன்று. விளங்கு, விளக்கு; துலங்கு, துலக்கு. தானே ஒளிர்வது தன்வினை, ஒளிரச் செய்வது பிறவினை. பாத்திரம் விளக்குவதும் பொருள் விளக்குவதும் ஒரே வேர் என்பது நம் மொழி தந்த கொடை. கறையில்லாமல் மின்னச் செய்யும் திரவத்துக்குத் 'துலக்கி' என்று ஏன் வைக்கக் கூடாது?

வேதியியல் பட்டதாரி:

அழகான சொல்தான். ஆனால் துலக்குவது என்றால் தேய்ப்பது என்று எல்லாருக்கும் கை பழகிவிட்டது. நாரில் ஊற்றித் தேய்த்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

'-இ' ஈற்றுப் பெயர்களைப் பற்றி வேறொரு கவலையும் எனக்கு உண்டு. வெட்டி, துருவி எல்லாம் கருவிப் பெயராகவும் இருக்கும், வினையெச்சமாகவும் இருக்கும். இயந்திரத்தையே 'பாத்திரங்கழுவி' என்று பலர் எழுதுகிறார்கள். கட்டுரையில் அது பொருந்தும். செயல்முறை அட்டையில் 'பாத்திரங்கழுவி நின்றபின் மூடியைத் திறக்கவும்' என்று போட்டுப் பாருங்கள். பாத்திரங்களைக் கழுவிவிட்டு, சற்று நின்று, பிறகு திற என்றும் படிக்கலாம். வேற்றுமை உருபு சேர்ந்தால் சிக்கல் இல்லை, எழுவாயாக நிற்கும்போதுதான் வருகிறது. 'துலக்கி தீர்ந்தபின்' என்பதிலும் இதே குழப்பம்.

பயிற்சியாளர்:

இயந்திரத்தை 'இயந்திரம்' என்றே போட்டிருக்கிறேன். அட்டைக்குக் கீழே இருப்பது அது ஒன்றுதான்.

தமிழாசிரியர்:

'கலங்கழுவி' என்றால் தூய தமிழாகவும் இருந்திருக்கும். பசுமண் கலம் என்று வள்ளுவர் சொன்ன கலம். இது நிற்க, கடைசி அலசலைக் 'கொதியலசல்' என்று குறிக்கலாமே?

வேதியியல் பட்டதாரி:

82 டிகிரி கொதிநிலை இல்லை ஐயா. கொதி என்று படித்தவர் குமிழி வராததால் இயந்திரம் பழுது என்று நினைப்பார். நமக்கு வேண்டியது தட்டின் பரப்பு 71 டிகிரியைத் தொடுவது. அதுதான் கிருமிகளைக் குறைக்கிறது. வெந்நீர் அலசல் போதும்.

தமிழாசிரியர்:

சரி. ஆனால் வெந்நீர் என்றே அச்சாகட்டும். வெண்ணீர் என்று எழுதினால் வெள்ளை நீர். வெம்மை + நீர், ஈறுபோதல், முன்னின்ற மெய்திரிதல். நன்னூல் 136.

பயிற்சியாளர்:

வெந்நீர் என்றே இருக்கிறது, சரிபார்த்துவிட்டேன். நாளை காலை அட்டையை அச்சுக்கு அனுப்ப வேண்டும். இதுவரை பேசியதில் 'உலர்துணை'க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை; அதையே எடுத்துக்கொள்கிறேன். பெரிய எழுத்தில் 'உலர்துணைத் திரவம்', அடியில் சிறிய எழுத்தில் 'ரின்ஸ் எய்ட்'. குழாயிலும் கேனிலும் ஒரே நிறப் பட்டை.

சமையற்கூட மேற்பார்வையாளர்:

நிறப் பட்டை முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். சொல்லைப் பொறுத்தவரை அடியில் ரின்ஸ் எய்ட் இருக்கும்வரை எனக்கு மறுப்பில்லை.

தமிழாசிரியர்:

உலர்துணையும் வினைத்தொகைதான். உலர்ந்த துணை, உலரும் துணை. உலர்த்துதுணை என்றாவது பிறவினை ஆக்குங்கள்.

வேதியியல் பட்டதாரி:

அந்தத் திரவம் எதையும் உலர்த்துவதில்லை, தட்டுதான் உலர்கிறது. தன்வினையே பொருந்துகிறது.

தமிழாசிரியர்:

அப்படியானால் 'உலர்வுத்துணை' என்றிருக்க வேண்டும். அட்டைக்கு உங்கள் முடிவு ஆகட்டும். கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும்போது 'அலசற்றுணை' என் பரிந்துரையாகப் பதிவாக வேண்டும். இன்று கடினமாகத் தெரியும் சொல் பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் பழகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:

பட்டியலில் இரண்டையும் போடுகிறேன். ஒரு கேள்வி: குறைந்த வெப்பத்தில் இயங்கும் இயந்திரங்களில் வெந்நீருக்குப் பதிலாகக் குளோரின் கலந்த திரவம்தான் கிருமியைக் கொல்கிறது. அங்கே மூன்றாவது கேன் ஒன்று இருக்கும். அதைக் 'கிருமிநீக்கி' என்று எழுதலாமா? உப்புப் படிவத்தைக் கரைக்கும் அமிலம் அதோடு கலந்தால் நச்சு வாயு வரும். அதனால் அந்தக் கேனின் பெயர் இதைவிடத் தெளிவாக இருக்க வேண்டும்.

தமிழாசிரியர்:

'-இ' ஈறு குழப்பும் என்று நீங்களே சொன்னீர்கள். 'கிருமி'யும் வடசொல். நாளை விரிவாக எழுதுகிறேன்.