‘வடக்குத் தெரு வீடு’ குழு, வியாழன் இரவு

கூடலூர் அத்தை, 7:12
(வீடியோ, பல முறை பார்வர்டு செய்யப்பட்டது)
லடாக்கில் மலை சரிந்து, பைக்கில் போன தமிழ்நாட்டுப் பையன்கள் மாட்டிக்கொண்டார்களாம். நம்ம கண்ணன் எங்கே?

அம்மா, 7:13
நேற்றுக் காலையில் லடாக் போகும் வழியில் கேலாங்கில் இருந்து பேசினான். அப்புறம் போன் போகவே இல்லை

அம்மா, 7:13
எனக்குப் பதறுது

குமுளி மாமா, 7:15
சார்ஜ் போயிருக்கும் அக்கா

பெரியப்பா, 7:24
சார்ஜ் இல்லை, சிம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டு வாங்கிக்கொள் என்று அவன் கிளம்பும்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டேன். அடுத்து அந்த வீடியோவை நன்றாகப் பாருங்கள். மலை முழுக்க மரம். பாராலாச்சா தாண்டினால் பாங் என்கிற கூடார முகாம் வரைக்கும் மரம் என்று ஒன்று கண்ணில் படாது. மழை மேகத்தை இமயமலை அந்தப் பக்கமே நிறுத்திவிடும். குமுளியில் கொட்டும்போது தேனியில் வெயில் அடிக்கிறதே, அதே கணக்கு. ஆகவே இது வேறு ஏதோ ஊர்.

சித்தப்பா, 7:25
பாராலாச்சா லா பாஸ் தானே அண்ணே?

பெரியப்பா, 7:27
லா என்றாலே கணவாய்தான். கணவாய் கணவாய் என்று இரண்டு தடவை சொல்லாதே. 16,000 அடி.

கார்த்தி, 7:28
அப்பா அங்கே ஆர்மி லாரி ஓட்டியவர். இன்று யாரும் தூங்க முடியாது 😂

கூடலூர் அத்தை, 7:30
எல்லாம் அந்த புல்லட்டால் வந்தது. அதை வாங்கத் தோட்டத்துப் பணம் இருந்தது. நான் பங்கு கேட்ட வருஷம் மட்டும் ஏலக்காய் விலை இறங்கிப்போச்சு

சித்தப்பா, 7:30
அக்கா

சித்தப்பா, 7:30
அது எதுக்கு இப்போ

அம்மா, 7:33
அது செகண்ட் ஹேண்ட் வண்டி மதினி. அவன் சம்பளத்தில் வாங்கியது

அப்பா, 7:41
ம்

குமுளி மாமா, 7:52
லடாக் இருக்கட்டும். இங்கே குமுளி மலை ரோட்டில் லோயர் கேம்ப்புக்கு மேலே மரம் சாய்ந்து இரண்டு மணி நேரமாக நிற்கிறேன். இதை எவனும் பார்வர்டு பண்ணலை

கார்த்தி, 7:53
கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிப் போங்க மாமா

குமுளி மாமா, 7:54
முன்னாலும் பஸ், பின்னாலும் பஸ். எங்கே திருப்ப?

நான், 9:04
கண்ணன் அண்ணன் பேசிட்டான்!! கூடப் போனவர் போனில் இருந்து. லே போய்ச் சேர்ந்தாச்சு

அம்மா, 9:04
முருகா

நான், 9:09
நேற்று வழியில் சர்ச்சு என்கிற இடம் வருவதற்கு முன்னால் ஓடையில் இறங்கினபோது ஷூவுக்குள் தண்ணீராம். ராத்திரி பாங்கில் கூடாரம். இன்று தங்லாங் லா ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை, ஓர் இடத்தில் இறங்கித் தள்ளினார்களாம். லேசாகத் தலைவலிக்குது என்றான். நாளைக்கு கர்துங் லா ஏறி, அப்படியே நுப்ரா பள்ளத்தாக்கு

கார்த்தி, 9:10
அங்கே ஹுண்டர் மணலில் இரட்டைத் திமில் ஒட்டகம் இருக்கும். போட்டோ அனுப்பச் சொல்லு

பெரியப்பா, 9:19
ஒட்டகம் ஓடிப்போகாது. பாங்கில் தூங்கினானா? அது 15,000 அடி. தலை வலிக்காமல் என்ன செய்யும்? ஓடையை விடியற்காலையில் தாண்ட வேண்டும், வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடிவிடும். தங்லாங் லா 5,328 மீட்டர். கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக் காற்றுதான் அங்கே. கார்புரேட்டர் வண்டி திணறும், ஆளும் திணறுவான். நம்ம ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், லே ஊரே 3,500. இரண்டு நாள் லேயில் படுத்துக் கிடக்கணும். நாளைக்குக் கர்துங் லா கூடவே கூடாது. தலைவலி கூடினால் ஏறாதே, இறங்கு. உயரத் தலைவலிக்குப் போடும் டயமாக்ஸ் மாத்திரை

கார்த்தி, 9:20
பாதியில் நிற்குது அப்பா

அம்மா, 9:21
பத்தாவது படிக்கும்போது சல்பா மாத்திரையில் அவனுக்கு உடம்பெல்லாம் தடிச்சுதே. அது இதுவா?

பெரியப்பா, 9:23
அந்த வகைதான். அப்படியென்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். உடனே அவனிடம் சொல்லுங்கள்.

நான், 9:24
அந்த நம்பருக்கு அனுப்பிட்டேன். ஒரு டிக்தான் விழுது

கூடலூர் அத்தை, 9:26
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமுளி மாமா, 9:31
மரத்தை எடுத்தாச்சு. ஆனால் வேறு விஷயம். அந்த வீடியோ நெடுங்கண்டம் வரைக்கும் போயிருக்கு. பெண்ணோட அப்பா இப்போதான் கூப்பிட்டார், மாப்பிள்ளை எங்கே என்கிறார். டூர் போனதை இன்னும் சொல்லலையா?

அம்மா, 9:32
நீ சொல்லியிருப்பாய் என்று நினைச்சேன்

குமுளி மாமா, 9:32
நானா?

சித்தப்பா, 9:34
அப்போ ஞாயிறு கை நனைக்க வருகிறார்களா இல்லையா? ஆடி பிறந்தால் ஒரு மாதம் தள்ளிப்போகும்

பெரியப்பா, 9:36
வரட்டும். பையன் இல்லாமலே வீடு பார்க்கலாம்.

கூடலூர் அத்தை, 9:37
நம்ம வீட்டில் அப்படி வழக்கம் இல்லை அண்ணே

அம்மா, 9:40
நீங்களே நெடுங்கண்டத்துக்குப் பேசுங்க

அப்பா, 9:52
யார், நானா

நான், 9:58
இன்னும் ஒரு டிக்தான்