மிசிசிப்பியில் துடுப்பு போட்டவர்களே, வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

மினியாபொலிஸிலிருந்து, இழையைத் தொடங்குபவர்:

2022 ஜூனில் நானும் என் மச்சானும் (மனைவியின் தம்பி) ஒரு பதினேழு அடி கனூவில் மினசோட்டாவின் இட்டாஸ்கா ஏரியிலிருந்து கிளம்பினோம். 76 நாள் கழித்து மெக்சிகோ வளைகுடாவைத் தொட்டோம். சுமார் 2,340 மைல், நம் கணக்கில் 3,770 கிலோமீட்டர். திரும்பி வந்ததிலிருந்து எல்லாரும் கேட்பது முதலை, புயல், எடை எவ்வளவு குறைந்தது, இந்த மூன்றும்தான். எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது மனிதர்களைப் பற்றி. அதிலும் அந்த ஆற்றில் பிழைப்பு நடத்துகிறவர்களைப் பற்றி. மிசிசிப்பி ஒரு வேலைத்தலம். மக்காச்சோளமும் சோயாவும் நிலக்கரியும் அதில் போய்க்கொண்டே இருக்கின்றன. அங்கே அவர்கள் வீட்டுக்காரர்கள், துடுப்போடு போகிற நாம் விருந்தாளி. எனக்கு இது மண்டையில் ஏறவே பாதி ஆறு தாண்டிவிட்டது. இனி போகப் போகிறவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இட்டாஸ்காவில் ஆறு ஏரியை விட்டு வெளியே வரும் இடம் ஆறு மீட்டர் அகலம்கூட வராது. வரிசையாகக் கல் கிடக்கும், குழந்தைகள் தாண்டிக்கொண்டிருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,475 அடி என்று அங்கே ஒரு மரத்தூணில் பொறித்திருக்கிறது. தெற்கே போக வேண்டிய ஆறு முதலில் வடக்கே போகிறது. பெமிஜி ஊர் வரைக்கும் திசைகாட்டியைப் பார்த்தால் குழப்பம்தான். நடுவில் சம்புக் காடு. ஆறு நாலைந்து வாய்க்காலாகப் பிரிந்து, எது ஆறு எது முட்டுச்சந்து என்றே தெரியாது. முதல் நாள் மூன்று முறை தவறான வாய்க்காலில் போய்த் திரும்பினோம். பிறகு மச்சான்தான் கண்டுபிடித்தான்: "அத்தான், தண்ணிக்குள்ள பாசி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க." பாசி சாய்கிற பக்கம் போனோம். அதற்குப் பிறகு வழி தப்பவில்லை.

முதல் சந்திப்பு வின்னிபிகோஷிஷ் ஏரிக்கரையில். ஆறு இந்த ஏரிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பெரிய ஏரி, ஆனால் ஆழம் குறைவு, அதனால் காற்று அடித்தால் நிமிடத்தில் அலை எழும்பிவிடும். பூர்வகுடிகளான லீச் லேக் ஒஜிப்வே மக்களின் நிலம் அது. நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் லாரியை நிறுத்தி இறங்கி வந்தார். வானத்தைப் பார்த்தார், எங்கள் கனூவைப் பார்த்தார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கும் காலையில் இலை அசைந்தால் வேண்டாம், அசையாவிட்டால் விடியுமுன்பே கிளம்பு, கரையை ஒட்டியே போ, குறுக்கே வெட்டாதே என்றார். ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தோம். மாலையில் அவரே மீன் வறுத்துக் கொண்டுவந்தார். மிசிசிப்பி என்பதே அவர்கள் மொழிச் சொல், மிசி சீபி, பெரிய ஆறு. 1832இல் ஸ்கூல்கிராஃப்ட் ஆற்றின் பிறப்பிடத்தைக் கண்டார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போனது ஒசாவிந்திப் என்ற ஒஜிப்வே வழிகாட்டி. இட்டாஸ்கா என்ற பெயர்கூட ஸ்கூல்கிராஃப்ட் இரண்டு லத்தீன் சொற்களின் வாலையும் தலையையும் வெட்டி ஒட்டியது. பெரியவர் இதைக் கோபமில்லாமல் சொன்னார். ஆனால் ஒசாவிந்திப் பெயரை எங்கள் இருவரையும் தனித்தனியே சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மினியாபொலிஸ் வந்ததும் ஆறு ஆளே மாறிவிடும். செயின்ட் அந்தோணி அருவியின் மேல் லாக்கை, அயல்நாட்டுக் கெண்டை மீன்கள் மேலே ஏறாமலிருக்க, 2015இல் மூடிவிட்டார்கள். அதனால் சக்கரம் கட்டி ஊருக்குள் கனூவை இழுத்துப் போனோம். அதற்குக் கீழே செயின்ட் லூயிஸ் வரை இருபதுக்கும் மேல் லாக்குகள். தெரியாதவர்களுக்கு: லாக் என்பது அணையின் பக்கத்தில் கட்டிய பெரிய தொட்டி. உள்ளே போனதும் பின்னால் கதவு மூடும், தண்ணீரை இறக்குவார்கள், முன்கதவு திறக்கும். பெரும்பாலானவை 600 அடி நீளம். கட்டணம் கிடையாது. சுவரில் தொங்கும் சங்கிலியை இழுத்தால் உள்ளே மணி கேட்கும், நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வார்கள். ஆனால் சரக்குக்குத்தான் முன்னுரிமை. பதினைந்து பார்ஜ் (தட்டையான சரக்கு மிதவை) கட்டிய படகு வந்தால் தொட்டிக்குள் ஒரே தடவையில் அடங்காது, இரண்டாகப் பிரித்து விடுவார்கள், ஒன்றரை மணி நேரம் போய்விடும். வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான். அது அவர்கள் ஆறு.

அயோவா பக்கம் ஒரு லாக்கில் வேலை பார்த்தவரை நான் மறக்க மாட்டேன். மேலிருந்து கயிற்றை எறிந்தார். நான் அதைக் கனூவின் கட்டையில் முடிச்சுப் போடப் போனேன். அவர் போட்ட சத்தத்தில் என் கை நின்றுவிட்டது. தண்ணீர் இறங்கும்போது கட்டிய படகு சுவரில் தொங்கிக் கவிழும், கயிற்றைக் கையில் மட்டும் பிடித்து மெல்ல விட்டுக்கொண்டே வா என்றார். அதட்டலும் அக்கறையும் சேர்ந்த குரல், எங்கள் ஊர் மதகுக்காரர் ஞாபகம் வந்தது. கதவு திறக்கக் காத்திருந்த நேரத்தில், படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோ இருக்கிறதா என்று கேட்டார். உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினேன். "அதை மூட்டையில வச்சா செங்கல்லுதான். தெற்கே போகப் போக பதிமூணாம் சேனல்ல ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலயும் உன் மைல் எண்ணைச் சொல்லு, ஆத்துல எந்த மைல்ல இருக்கேன்னு. யாரும் பதில் சொல்லாட்டியும் சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க." பிறகு அடுத்த லாக்குக்கு அவரே போன் போட்டு, மஞ்சள் கனூவில் இரண்டு பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த அறிவுரைதான் எங்களைக் காப்பாற்றியது. இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ ஊரில் ஒஹையோ ஆறு வந்து கலக்கிறது, வந்து சேர்கிற ஆறு நாம் வந்த ஆற்றைவிடப் பெரியது. அதற்குக் கீழே லாக்கே இல்லை, அதனால் பார்ஜ் கூட்டமும் பெரிதாகிவிடும். இழுவைப் படகு என்று பெயர், உண்மையில் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் பல நூறு அடிக்கு மாலுமி கண்ணுக்கு எதுவும் தெரியாது. நிறுத்த நினைத்தாலும் உடனே நிற்காது. நாங்கள் வளைவின் உள்பக்கம், நீரோட்டம் குறைவாக இருக்கும் இடது கரையை ஒட்டிப் போனோம், அதுதான் பாதுகாப்பு என்று நினைத்து. வழக்கம்போல மைல் எண்ணைச் சொன்னேன். உடனே ரேடியோவில் ஒரு நிதானமான குரல். தான் எதிரே ஏறி வருவதாகவும், ஏறி வருகிறவர்கள் அதே தளர்ந்த தண்ணீரைத்தான் தேடுவார்கள் என்றும், நீ இருக்கிற இடத்துக்குத்தான் நான் வருகிறேன் என்றும் சொன்னார். "இப்பவே அந்தக் கரைக்குப் போயிடு. நேரம் இருக்கு. ஒன் விசில்ல கடப்போம்." ஒன் விசில் என்றால் ஒருவருக்கொருவர் இடது பக்கம் காட்டிக் கடப்பது. நானும் மச்சானும் மூச்சு வாங்க வலித்து அக்கரை சேர்ந்தபோது அவர் வளைவில் வந்தார். முப்பது பார்ஜ். ஐந்து அகலம், ஆறு நீளம். எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஆயிரத்தைந்நூறு டன் ஏற்றலாம். நாங்கள் பழைய இடத்தில் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

அவர் கடந்த பிறகு பின்னால் எழும்பிய அலை அடங்கவே வெகுநேரம் ஆனது. திரும்ப ரேடியோவில் வந்தார், இரவு எங்கே தங்குகிறாய் என்று கேட்டார். அடுத்த வளைவுக்குக் கீழே ஒரு கல் தடுப்பின் பின்னால் மணல் திட்டு இருக்கிறது, அலை ஏறாது என்றார். அங்கேதான் தூங்கினோம். அவர் முகம் எப்படியிருக்கும் என்று இன்றுவரை தெரியாது.

நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுங்கள். முழு ஆறும் போயிருக்க வேண்டும் என்றில்லை.

டாவன்போர்ட், அயோவாவிலிருந்து ஓர் அக்கா:

தம்பி, நான் ஒருநாளும் துடுப்பைத் தொட்டதில்லை. எங்கள் வீடு ஆற்றங்கரையிலிருந்து நாலு தெரு. எங்கள் ஊரில் மிசிசிப்பி கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. மாலையில் சூரியன் ஆறு போகிற பக்கமே விழும், அந்த அழகுக்காகவே இங்கே வீடு வாங்கினோம். ஆற்றோரம் வெள்ளச்சுவர் கட்டாத ஊர் இது. 2019 ஏப்ரல் கடைசியில் தற்காலிகத் தடுப்பு உடைந்து கடைத்தெருவுக்குள் தண்ணீர் வந்ததை நேரில் பார்த்தவள் நான். ஆற்றின் மேல் எனக்குப் பிரியமும் உண்டு, பயமும் உண்டு.

துடுப்புக்காரர்களுக்கு உதவ 'ரிவர் ஏஞ்சல்ஸ்' என்று ஆற்றின் நெடுகத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் அல்லவா, பக்கத்து வீட்டு அம்மாள் மூலம் நானும் சேர்ந்தேன். முதலில் வந்தது ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 68, தனியாக வந்தார். குளியல், துணி துவைக்க மிஷின் இரண்டும் கேட்பார் என்று தயாராக இருந்தேன். அவர் உள்ளே வந்ததும் கேட்டது சாய்மானம் உள்ள நாற்காலி. ஒரு மாதமாக முதுகு எதிலும் சாயவில்லையாம். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் டம்ளரில் மிளகு ரசம் கொடுத்தேன். விரல்களை நீட்ட முடியவில்லை, துடுப்பைப் பிடித்த நிலையிலேயே மடங்கி நின்றுவிட்டன. காலையில் எழுந்தால் அப்படித்தான், பத்து மணிக்குத்தான் விரியும் என்றார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் டம்ளரை வைத்துக் குடித்தார். மூன்று டம்ளர். போகும்போது ரசப்பொடி கட்டிக் கொடுத்தேன், வெந்நீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே நியூ ஆர்லியன்ஸ் வரை போனதாகக் கடிதம் போட்டார்.

இதுவரை பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. நீங்கள் வந்தபோது தெரியாமல் போனதே என்று இருக்கிறது. இனி யாராவது வந்தால் சொல்லுங்கள். நாற்காலி இருக்கிறது.

செயின்ட் லூயிஸிலிருந்து ஒருவர்:

நான் வார இறுதிக்காரன், முழு ஆறு போகிற விடுமுறை இல்லை. மிசூரி ஆறு வந்து கலக்கும் இடம் எங்களுக்குப் பக்கம். கலந்த பிறகும் வெகுதூரம் ஒருபக்கம் மண்நிறம், மறுபக்கம் கரும்பச்சை, நடுவில் கோடு போட்டதுபோல் இருக்கும். எனக்கு நடந்த சந்திப்பு மீனோடு. வெள்ளிக் கெண்டை, மோட்டார் சத்தம் கேட்டாலே துள்ளும். பக்கத்தில் ஒரு படகு போனபோது நாலைந்து ஒன்றாகப் பாய்ந்தன, ஒன்று என் தோளில் மோதியது, ஒரு வாரம் கை தூக்க முடியவில்லை. எழுபதுகளில் மீன்குளங்களைச் சுத்தம் செய்ய ஆசியாவிலிருந்து கொண்டுவந்தவை, வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்குள் வந்துவிட்டன. மேலே அண்ணன் சொன்ன லாக் மூடல் இவற்றுக்காகத்தான்.

வருகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊருக்கு வடக்கே செயின் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்தில் குறுக்கே தாழ்வான கல் அணை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் சாதாரண சலசலப்பு மாதிரித் தெரியும். நம்பாதீர்கள். கால்வாய் வழியாக லாக்கில் போங்கள், இல்லையென்றால் கரையேறித் தூக்கிப் போங்கள். அங்கே தூண்டில் போடும் ஒரு கிழவர் துடுப்போடு வருகிற எல்லாரையும் கை ஆட்டி நிறுத்துவார். என்னையும் நிறுத்தினார். எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் சொன்ன கதையைக் கேட்ட பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

ஹூஸ்டனிலிருந்து:

அண்ணா, அடுத்த வருடம் போகலாம் என்று இருக்கிறேன். லூயிசியானாவின் பேட்டன் ரூஜுக்குக் கீழே பெரிய கப்பல்கள் வரும், அங்கேயே முடித்துக்கொள் என்று பலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இழையைத் தொடங்கியவர்:

அக்கா, உங்கள் ஊரைப் பகல் ஒரு மணிக்குக் கடந்தோம். முன்பே தெரிந்திருந்தால் நிச்சயம் வந்திருப்போம்.

ஹூஸ்டன் தம்பிக்கு: முடித்துக்கொள்வதில் குறைவு எதுவும் இல்லை, மிசிசிப்பியிலிருந்து பிரிகிற அட்சாஃபலாயா ஆறு வழியாகக் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு. போவதென்றால் கரையை ஒட்டியே போ. பார்ஜ் படகு சத்தம் போட்டு வரும். கடல் கப்பலோ சத்தமில்லாமல் கடந்துவிடும், அது போன பிறகுதான் அலை வரும், அதுவும் கரையில் மோதித் திரும்பி இரண்டாவது முறை வரும். தங்க மணல் திட்டும் கிடையாது. இரு கரையிலும் சுத்திகரிப்பு ஆலைகள், தானியக் கிடங்குகள். கரைமேட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள வில்லோ மரக்காட்டில்தான் கூடாரம் போட்டோம்.

ஆனால் அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சந்திப்பு நடந்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே தானியம் ஏற்றக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். காலியாக நின்றதால் ஒவ்வொன்றும் மாடிக்கட்டடம் மாதிரி. அதன் நிழலில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு போனோம். தண்ணீர் கேனை யார் மூடவில்லை என்ற சண்டை. மேலேயிருந்து ஒரு குரல்:

"அண்ணே, தமிழா?"

நிமிர்ந்தால் கம்பிமேல் சாய்ந்தபடி ஆரஞ்சு உடுப்பில் ஒரு பையன். தூத்துக்குடிக்காரன்.

"எங்கருந்துண்ணே வர்றீங்க?"

"மினசோட்டாலருந்து."

"அது எங்கண்ணே இருக்கு?"

"இந்த ஆறு பொறக்குற எடம்."

"இதுலயேவா?"

"இதுலயேதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கப்பலை விட்டு இறங்கி எட்டு மாதம் ஆகிறது என்றான். பன்னிரண்டு நாளாக இங்கேயே நிற்கிறோம், கரையைப் பார்க்க முடிகிறது, இறங்க அனுமதி இல்லை என்றான். எங்களை நீரோட்டம் தள்ளிக்கொண்டே போனது. பின்னால் வலித்து எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ நின்றோம். அவன் போன் நம்பரைக் கத்தினான், மச்சான் மார்க்கரால் கனூவின் உள்பக்கத்திலேயே எழுதிக்கொண்டான். "கடலைத் தொட்டதும் ஒரு மெசேஜ் போடுங்கண்ணே!"

ஆறு நாள் கழித்து, ஆறு கடலில் சேரும் கிளைகளில் ஒன்றான சவுத் பாஸ் வழியாக வெளியே வந்தோம். பெரிய கப்பல்கள் சவுத்வெஸ்ட் பாஸில் போவதால் அந்த வழி அமைதியாக இருந்தது. பழுப்புத் தண்ணீர் ஓர் இடத்தில் பச்சையானது. கையில் அள்ளி நாக்கில் வைத்தேன், உப்பு. ஒரு மீன்பிடிப் படகுக்காரர் எங்களை வெனிஸ் ஊருக்கு ஏற்றி வந்தார், அங்கேதான் சிக்னல் கிடைத்தது. வீட்டுக்குச் சொன்ன கையோடு அந்தப் பையனுக்கும் கடலின் படத்தை அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "சூப்பர்ணே. நாங்க இன்னும் அதே எடத்துலதான் நிக்கிறோம்."