ஒரே சோப் சர்வீஸ், மூன்று ஆபரேஷன்: அழைப்பு தவறான இடத்துக்குப் போகிறது

ஜாவா 11, அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் 3.5 (வெப் சர்வீஸ் எழுத உதவும் ஜாவா ஃப்ரேம்வொர்க்), சோப் 1.1 (எக்ஸ்எம்எல் செய்தி வழியே சர்வீஸை அழைக்கும் முறை), டாக்குமென்ட்/லிட்டரல் பேர் (bare) ஸ்டைல், அதாவது ஆபரேஷன் பெயரில் உறை இல்லாமல் உள்ளீட்டு எலிமென்ட் நேராகச் செய்தியின் பாடியில் போகும். ஆர்டர் விவரம், ஆர்டர் ரத்து, புது ஆர்டர் என்று மூன்று ஆபரேஷன்கள். முதல் இரண்டுக்கும் உள்ளீடு ஒரே 'ஆர்டர் எண்' எலிமென்ட்தான்.

போன வாரம் புதிதாக இணைந்த கிளையன்ட் ரத்து செய்யச் சொன்னால், விவரம் மட்டும் திரும்பி வருகிறது. பிழைச்செய்தியே இல்லை. (தலைகீழாக நடந்திருந்தால் கதையே வேறு!) அவர்கள் சோப்-ஆக்‌ஷன் ஹெடரை (எந்த ஆபரேஷன் என்று சொல்லும் எச்டிடிபி தலைப்பு) காலியாக அனுப்புகிறார்கள், மாற்ற முடியாதாம். பழைய கிளையன்ட்கள் ஹெடரைச் சரியாக அனுப்புவதால் அங்கே சிக்கல் இல்லை.

ஹெடரோடு சோப்-யூஐ என்ற சோதனைக் கருவியில் சோதித்தேன், சரியாக ஓடுகிறது. ஹெடரை எடுத்தால் அதே கோளாறு. ஆபரேஷன் பெயரிலேயே உறை எலிமென்ட் வரும் ராப்டு (wrapped) ஸ்டைலுக்கு மாற்றினாலும் சரியாகிறது, ஆனால் பழைய கிளையன்ட்கள் எல்லாரும் தங்கள் நிரலை மாற்ற வேண்டிவரும். ஆபரேஷன்களின் பாடி எலிமென்ட் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும் என்ற டபிள்யூஎஸ்-ஐ பேசிக் ப்ரொஃபைல் (வெப் சர்வீஸ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வகுத்த தரநிலை) விதி தெரியும். ஆனால் வடிவமைப்பு பழசு, என் கையில் இல்லை.

பழைய கிளையன்ட்களைத் தொடாமல், ரத்து ஆபரேஷனுக்கு மட்டும் தனி முகவரியில் இன்னொரு போர்ட் திறப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?