குழந்தைகள் வார்டு: வென்ஃப்ளான் வீக்கத்தைத் தீங்காகக் கணக்கிடுவது எப்படி?

வணக்கம். ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் தரப்பிரிவுச் செவிலியராக இருக்கிறேன். சம்பவ அறிக்கைகளை மட்டும் நம்பினால், எங்கள் வார்டில் தப்பே நடக்காதது போலத் தெரியும். திட்டு விழுமோ என்ற பயத்தில் யாரும் எழுதுவதில்லை.

அதனால் ஜனவரியில் ட்ரிக்கர் முறைக்கு மாறினோம்; அதாவது, தீங்கு நடந்திருக்கலாம் என்று காட்டும் தடயங்களை கேஸ் ஷீட்டில் தேடுவது. ஐஎச்ஐ (மருத்துவத் தரத்தை மேம்படுத்தும் அமெரிக்க நிறுவனம்) சொல்வதுபோல மாதம் 20 கேஸ் ஷீட், ஒன்றுக்கு அதிகபட்சம் 20 நிமிடம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம், முடிவு மருத்துவருடையது. நலோக்சோன் (மார்ஃபின் போன்ற மருந்துகளின் விளைவை முறிப்பது) கொடுத்தது, ஐசியூவுக்கு மாற்றியது, 30 நாளுக்குள் மறுபடி சேர்த்தது, இவற்றில் குழப்பமில்லை.

சிக்கல் வென்ஃப்ளானில்தான், அதாவது மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சிறு குழாயில். மருந்து வெளியே கசிந்தால் அந்த இடம் வீங்கும். "லைன் மாற்றப்பட்டது" என்று ஒரே வரி இருக்கும். வீக்கம் எவ்வளவு, என்ன மருந்து ஓடியது, ஒன்றும் இருக்காது. ஒரு கைக்குழந்தைக்குக் கால்சியம் குளுக்கோனேட் ஓடிய கை. மறுநாள் குறிப்பில் "புறங்கை கருத்திருக்கிறது". அதில் இருவரும் ஒத்துப்போனோம். லேசான வீக்கம் என்றால் ஒருவர் 'இ' வகைத் தீங்கு (சிகிச்சை தேவைப்பட்ட தற்காலிகத் தீங்கு) என்கிறார், இன்னொருவர் தீங்கே இல்லை என்கிறார். 1000 நோயாளி நாட்களுக்கு எத்தனை என்ற எண், யார் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து மாறினால் அதை வைத்து என்ன செய்ய?

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பழைய ஷீட்டுகளில் பழகினோம். வீக்க அளவுகோலை வார்டில் ஒட்டினோம். சார்ட்டில் தனிக் கட்டமும் சேர்த்தோம். இரவு ஷிப்டில் அது காலியாகவே வருகிறது.

காகித கேஸ் ஷீட் வைத்து இதைச் செய்பவர்களிடம் ஒரே கேள்வி: வென்ஃப்ளான் வீக்கம் எந்த அளவைத் தாண்டினால் தீங்கு என்று கணக்கில் சேர்க்கிறீர்கள்?