எலும்பு எடுத்த இடுப்பின் வலி: பட்டவர்கள் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

பைக் விபத்தில் முறிந்த என் வலது முன்கை எலும்பு, பிளேட் வைத்தும் கூடவில்லை. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் கொஞ்சம் எலும்பு எடுத்து முறிந்த இடத்தில் வைத்தார்கள். கை வலியைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. என்னை வாட்டியது இடுப்புதான். இதைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளிக்கு விளக்கியாக வேண்டும். வயிற்றுத் தசையும் பிட்டத்துத் தசையும் பற்றியிருக்கும் இடம் அது. இருமினாலும் தும்மினாலும் சுள்ளென்று இழுக்கும். படியேறுவது அதைவிடக் கடினம்.

இருமல் வரும்போது தலையணையை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். எழும்போது நேராக நிமிராமல், வலியில்லாத பக்கம் புரண்டு கையூன்றி எழுவேன். மாத்திரையை வலி ஏறும்வரை தள்ளிப்போடாமல் மருத்துவர் சொன்ன நேரத்துக்கே போட்டுவிடுங்கள். எனக்குப் பாரசிட்டமாலே பெரிதும் கைகொடுத்தது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று சில மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். ஆகவே கடையில் நீங்களாகவே வாங்காதீர்கள்.

எந்தப் பக்கத்து இடுப்பில் எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். கைத்தடியை வலிக்கும் இடுப்புக்கு எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டும். எனக்கு வலது பக்கமே எடுத்ததால், நன்றாயிருந்த இடது கையில் தடி பிடிக்க முடிந்தது.

ஈரோட்டிலிருந்து:

அண்ணா, என் மகனுக்குப் பிறவியிலேயே உதட்டிலும் பல் ஈறிலும் பிளவு. கோரைப்பல் இறங்கும் முன் ஈறுப் பிளவை எலும்பு வைத்து அடைத்தார்கள், எடுத்தது இடுப்பிலிருந்துதான். தையல் போடும் முன்பே அங்கு மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தியதால் முதல் இரவு நிம்மதியாகத் தூங்கினான். அது தெளியும்போது வலி ஒரேயடியாக வரும் என்று செவிலியர் சொல்லி, அதற்கு முன்பே அடுத்த மருந்தைக் கொடுத்தார். அந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன். கொஞ்ச நாள் நொண்டினான், பிறகு சரியாகிவிட்டது. ஓட்டமும் கால்பந்தும் மட்டும் மருத்துவர் அனுமதிக்கும்வரை கூடாது என்றார்கள். பிள்ளையைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு.

சென்னையிலிருந்து:

எனக்கு வெட்டிய இடம் ஆறிய பிறகும் தொடையின் வெளிப்புறம் எரிந்தது, தொட்டால் மரத்திருந்தது. இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி ஓடும் தோல் நரம்பு சீண்டப்பட்டால் இப்படி ஆகும் என்று மருத்துவர் விளக்கினார். நரம்பு வலிக்கென்று காபாபென்டின் எழுதிக்கொடுத்தார். இறுக்கமான பெல்ட்டை விட்டு லுங்கிக்கு மாறியதும் எரிச்சல் நன்றாகக் குறைந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மரப்பு இன்னும் இருக்கிறது. நடக்க ஒரு தடையும் இல்லை.

ஆனால் காயம் வீங்கிச் சூடானாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீரென்று கால் ஊன்றவே முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பாரம் தூக்குவதால் எலும்பெடுத்த இடத்தில் முறிவு ஏற்பட்டவர்களும் உண்டு.

திருச்சி அண்ணா, உங்களுக்குத் தொடை மரத்ததா?